அட்வெந்து நான்கு ஞாயிறையும் ஒரே நாளில் முடிக்கலாமா? உங்கள் கோயில் வழக்கத்தைச் சொல்லுங்கள்

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்ப் பக்கம் எங்கள் கோயில். லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் வழி வந்த சின்ன சபை, மொத்தம் முப்பத்தெட்டு குடும்பம். எங்களுடையதோடு மூன்று கோயில்களுக்கும் சேர்த்து ஐயர், அதாவது போதகர், ஒருவர்தான். எங்களுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார், மற்ற ஞாயிறுகளில் சபையில் யாராவது ஜெபம் நடத்துவோம்.

போன வாரம் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு ஞாயிறு அடங்கிய காலம்தான் அட்வெந்து; பச்சைக் கிளை சுற்றிய வளையத்தில் வாரம் ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றுவோம். இந்த வருஷம் அந்த நான்கையும் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் கேரல் என்ற கிறிஸ்மஸ் பாட்டு நிகழ்ச்சியோடு சேர்த்து ஏற்றிவிடலாம் என்கிறார்கள். ஐயரும் அன்று இருப்பார், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் வருவார்கள், கூட்டமும் சேரும். காரணம் எல்லாம் நியாயமானதுதான். ஆனாலும் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். அட்வெந்துக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டு பேர் கோயில் திண்ணையில் கூடி வளையம் கட்டுவோம். அந்த வளையம் ஒரு பழைய சைக்கிள் ரிம். ஐயருக்கு உதவியாக ஊழியம் செய்த எங்கள் உபதேசியார் ஒருவர் முப்பது வருஷம் கிராமம் கிராமமாக மிதித்துப் போன வண்டியின் முன்சக்கரம் அது. முட்டி வலி வந்து வண்டியை நிறுத்தியபோது, ‘இது இனிமேல் கோயிலுக்கு ஓடட்டும்’ என்று ரிம்மைக் கழற்றிக் கொடுத்தார். முன்சக்கரம் என்பதால் முப்பத்திரண்டு துளை. எட்டுத் துளைக்கு ஒரு மெழுகுவத்தி என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். ஸ்போக் துளைகளில் கட்டுக்கம்பி நுழைத்து, சவுக்குக் கிளையைச் சுற்றிச் சுற்றி இறுக்குவோம். கை முழுக்க சவுக்கு வாசனை ஏறும். எனக்கு அட்வெந்து தொடங்குவது அந்த வாசனையில்தான்.

ஞாயிறு காலை லைட்டையெல்லாம் அணைத்து, கதவைப் பாதி சாத்துவோம். மழைக்காலம் என்பதால் எட்டு மணிக்கும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். சபையில் மூத்தவர் ஒருவரும் சின்னப் பிள்ளை ஒன்றும் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு வருவார்கள். பிள்ளை கையில் எரியும் திரி. முதல் மெழுகுவத்தி பற்றிக்கொள்ளும் வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். அப்புறம்தான் வேதத்திலிருந்து சங்கீதம்.

உங்கள் கோயில்களில் எப்படிச் செய்கிறீர்கள்? சேர்த்து ஏற்றிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? கமிட்டியில் பேசும் முன் நாலு பேர் சொல்வதைக் கேட்க நினைக்கிறேன்.

மிஷன்வீதி:

அக்கா, நான் புதுச்சேரி, கத்தோலிக்கன். நாங்கள் திருவருகைக் காலம் என்போம். உங்கள் மெழுகுவத்தி எங்களுக்கு மெழுகுதிரி. மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ரோஸ் திரி மூன்றாம் ஞாயிறுக்கு, அது மகிழ்ச்சியின் ஞாயிறு. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலில், ஒரு வருஷம் ரோஸ் நிறத்தில் கிடைக்காமல், பீடச் சிறுவர்களுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஒரு வெள்ளைத் திரியை எடுத்து, பிள்ளைகளின் சிவப்பு கிரேயானை மெழுகோடு உருக்கி மேலே பூசிக் கொடுத்தார்கள். எரியும்போது சிவப்பு கோடு கோடாக வழிந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

எங்களுக்கு நடுவில் ஒரு பெரிய நாள் வரும். டிசம்பர் 8, அமலோற்பவ அன்னை திருவிழா. சம்பா கோயில் என்று ஊரே சொல்லும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்துக்கு அதுதான் பெருவிழா. இப்போதுள்ள கட்டடம் 1791இல் முடிந்தது. கொடியேற்றம், நவநாள், தேர் என்று மிஷன் வீதி நிறைந்திருக்கும். அது முடிந்த அடுத்த நாளே உள்ளே போனால் மறுபடியும் ஊதா, மறுபடியும் அமைதி. எனக்கு அந்த மாற்றம் பிடிக்கும்.

இன்னொன்று. இந்த நாலு வாரமும் ஞாயிறு பூசையில் கடவுளைப் புகழும் வானவர் கீதம் பாடுவதில்லை. கிறிஸ்மஸ் நடுராத்திரியில் கோயில் மணி, கைமணி எல்லாம் சேர்ந்து அடிக்க அதைத் தொடங்கும்போது என் அம்மா அழுதுவிடுவார்கள். வருஷா வருஷம். நாலு வாரம் பாடாமல் இருந்தால்தான் அந்த அழுகை வரும் என்பார்கள்.

அதனால் என் ஓட்டு, சேர்க்க வேண்டாம் என்பதற்கே.

நெய்வேலிஷிஃப்ட்:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஷிஃப்ட் வேலை. நாலு ஞாயிறில் ஒன்றுதான் காலை ஆராதனைக்குக் கிடைக்கும், சில வருஷம் அதுவும் இல்லை. நான் போகிற அன்று மூன்றாவது மெழுகுவத்தி எரியும். முதலாவதையும் நாலாவதையும் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. என் மகளுக்கு ஆறு வயசு. ‘அப்பா, நம்ம கோயிலில் நாலும் எரியுமா?’ என்று கேட்கிறாள்.

சேர்த்து ஏற்றினால் என்னைப் போன்றவர்கள் ஒரு தடவையாவது முழுதாகப் பார்ப்போம். சின்ன சபைகளில் பாதிப் பேர் சிப்காட், நெய்வேலி, சென்னை என்று போய்விட்டோம். பழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும், சரி. காப்பாற்றும்போது நாங்களும் உள்ளே இருக்க வேண்டும் இல்லையா?

கெடிலக்கரை:

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கமிட்டியில் சொன்ன காரணங்களில் இல்லாத ஒன்றை நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மகள் கேட்டதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு வழி யோசிக்க வேண்டும்.

பழையஏடு:

சைக்கிள் ரிம் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த வளையம் பிறந்ததே ஒரு சக்கரத்தில்தான். ஜெர்மனியில் ஹாம்புர்க் நகரில் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். பையன்கள் தினமும் வந்து ‘கிறிஸ்மஸ் வந்துவிட்டதா, வந்துவிட்டதா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவத்தி நான்கும், மற்ற நாட்களுக்குச் சின்ன மெழுகுவத்திகளும் வைத்தார். தினம் ஒன்று ஏற்றினால் பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். பச்சைக் கிளை சுற்றுவதும், நாலு மட்டும் வைப்பதும் பிறகு வந்தவை. கத்தோலிக்கக் கோயில்களுக்கு இது போனது 20ஆம் நூற்றாண்டில்தான். வண்டிச் சக்கரத்தில் தொடங்கியது கடலூரில் உபதேசியார் சைக்கிள் சக்கரத்தில் வந்து நிற்கிறது. அவருக்கு விக்கர்ன் கதை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் அவர் கொடுத்தது மிகச் சரியான பொருள்.

கவனியுங்கள், அது எண்ணுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. நாலையும் ஒரே நாளில் ஏற்றினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எண்ண எதுவும் இருக்காது. டென்மார்க்கில் 24 கோடு போட்ட ஒரே மெழுகுவத்தியை டிசம்பர் முழுக்க ஏற்றுவார்கள், தினம் ஒரு கோடு வரை. அதுவும் இதே நோக்கம்தான். டென்மார்க் என்றதும் கடலூர்க்காரர்களுக்கு ஆற்காடு லுத்தரன் திருச்சபை நினைவுக்கு வரும், டேனிஷ் மிஷன் வளர்த்த சபை அல்லவா.

அட்வெந்து முதல் ஞாயிறுக்குப் பழைய லுத்தரன் ஒழுங்கில் வாசிக்கும் சுவிசேஷம் எது தெரியுமா? மத்தேயு 21, இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் வருவது. ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறுக்கு உரியது என்று நாம் நினைக்கும் பகுதி. ‘வருகிறார்’ என்பதுதான் அன்றைய செய்தி, அதனால் அந்த இடம். கடலூரில் லுத்தரன் மிஷனரி கியர்னாண்டர் 1740இல் வந்து இறங்கினார். 1758இல் அங்கிருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அவர் நாளில் வளையம் கிடையாது. நாலு ஞாயிறு இருந்தது.

புதுவழி:

ஐயா, அக்கா, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு கேள்வி. வேதத்தில் அட்வெந்து என்று ஒரு பண்டிகை கட்டளையிடப்பட்டிருக்கிறதா? மெழுகுவத்தி, வளையம், கலர் இவற்றில் மனசு போய்விட்டால் வார்த்தை பின்னால் போய்விடாதா? அன்போடு கேட்கிறேன்.

பழையஏடு:

கட்டளை இல்லை, உண்மை. ஆனால் எங்கள் ஆராதனையில் மெழுகுவத்தி ஏற்றும் நேரம் இரண்டு நிமிஷம், வாசிப்பும் சங்கீதமும் இருபது நிமிஷம். தீர்க்கதரிசன ஆகமங்களான ஏசாயா 9, 11, 40, மீகா 5, எல்லாம் இந்த நாலு வாரத்தில்தான் பிள்ளைகள் காதில் விழுகின்றன. எனக்கு ஏசாயா மனப்பாடமானது இப்படித்தான். உங்கள் கேள்வி நல்ல கேள்வி தம்பி, அதை எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வில்லியனூர்க்காரி:

எங்கள் வீட்டில் அட்வெந்து அடுப்பங்கரையில் நடக்கும். ரவையில் செய்யும் எங்கள் ஊர் கேக்குக்கு திராட்சை, பேரீச்சை, முந்திரி நறுக்கி ரம்மில் ஊறப் போடுவது, அதிரசத்துக்கு அரிசி இடிப்பது. அப்புறம் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலுக்குப் புல் வளர்ப்பது. பழைய அலுமினியத் தட்டில் மண் பரப்பி, இரவு ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, மேலே ஈரத் துணி. முளை விட்டதும் துணியை எடுத்து ஜன்னல் ஓரம் வைப்போம். சீக்கிரம் விதைத்தால் கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே மஞ்சளித்துச் சாய்ந்துவிடும். பிந்தினால் குடிலில் மொட்டை மண்தான். பத்து, பன்னிரண்டு நாள் கணக்கு. தினம் காலையில் பிள்ளைகள் விரலை வைத்து அளப்பார்கள்.

பங்கில் தீவனத் தொட்டியைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல் வைப்போம். யாருக்காவது ஓர் உதவி செய்த பிள்ளை ஒரு வைக்கோல் எடுத்துத் தொட்டியில் போடலாம். என்ன செய்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது, அதுதான் விதி. குழந்தை இயேசு வருவது 24 இரவுதான். அதுவரை தொட்டியில் வைக்கோல் மட்டும்.

மார்செய்தமிழ்:

வில்லியனூர் அக்கா! உங்கள் கேழ்வரகுத் தட்டைப் படித்ததும் எழுந்து போய் என் ஜன்னலைப் பார்த்தேன். நான் புதுச்சேரியில் பிறந்தவள், இருபது வருஷமாகத் தெற்கு பிரான்சில். இங்கே புரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று மூன்று சின்னத் தட்டுகளில் கோதுமை முளைக்கப் போடுவார்கள். கிறிஸ்மஸுக்குப் பச்சையாக நிற்கும், மேசையில் வைப்பார்கள். முதல் வருஷம் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு பொட்டலம் கோதுமை கொண்டுவந்து கொடுத்துச் செய்முறை சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே நான் ஈரத் துணியை எடுத்து வந்துவிட்டேன். அவருக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் கேழ்வரகு என்று சொல்ல பிரெஞ்சில் வார்த்தை வரவில்லை, கையால் ‘இவ்வளவு சின்னது’ என்று காட்டினேன்.

ஊரில் எல்லோரும் சேர்ந்து காத்திருப்போம். இங்கே ஒரு தட்டும் நானும். அக்கா, முப்பத்தெட்டு குடும்பம் உங்களிடம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர்:

எங்கள் தெருவில் ஒரு விஷயத்தில் பிரச்சினையே இல்லை. அட்வெந்தில் கல்யாணம் வைக்க மாட்டோம் என்று விளக்கவே தேவையில்லாமல் இந்து அக்கம்பக்கத்தார் புரிந்துகொள்வார்கள். பாதி நாள் மார்கழி அல்லவா, அவர்களும் வைக்க மாட்டார்கள்! மார்கழி பிறந்ததும் நாங்கள் நாலரை மணிக்கு ஆர்மோனியம், கஞ்சிராவோடு வீதி பஜனை போவோம். அந்த நேரத்தில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் திருவெம்பாவை ஒலிபெருக்கியில் ஒலிக்கும். கோலம் போடும் அம்மாக்கள் எங்களுக்கு வழி விட்டு வாளியை நகர்த்தி வைப்பார்கள். ஒரு வீட்டில் சுக்கு காபி உண்டு, அந்த வீடு கிறிஸ்தவ வீடு இல்லை.

கெடிலக்கரை:

படிக்கப் படிக்க நிறைவாக இருக்கிறது. நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2024 டிசம்பர் 1, அட்வெந்து முதல் ஞாயிறு. முந்தின இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. கடந்தும் நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல். சனிக்கிழமை வளையம் கட்ட நாங்கள் மூன்று பேர்தான் வர முடிந்தது. ஞாயிறு காலை கரண்ட் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். ஐயர் வர வழியில்லை. கோயிலில் பதினோரு பேர்.

வழக்கமாக நாங்கள் லைட்டை அணைத்து இருட்டாக்குவோம். அன்று அணைக்க எதுவும் இல்லை. எண்பது தாண்டிய ஒரு பாட்டியும், அவர் பேரனும் பீடத்துக்கு வந்தார்கள். தீப்பெட்டி நமுத்திருந்தது. நாலு குச்சி உரசி, அஞ்சாவது பற்றியது. திரி ஈரம், படபடவென்று சத்தம் போட்டு, அணைந்து, மறுபடி பற்றி நின்றது. உள்ளே இருந்த ஒரே வெளிச்சம் அதுதான். பைபிளை அதன் பக்கத்தில் சாய்த்துப் பிடித்து நான் வாசித்தேன்.

அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம். பாதிக்கப்பட்ட சில குடும்பங்கள் கோயில் ஹாலில் தங்கின. இரண்டாம் ஞாயிறு வந்தபோது பெஞ்சுக் கால்களில் சேறு காய்ந்திருந்தது, ஹாலில் தங்கியவர்களும் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு மெழுகுவத்தி எரிந்தன. முதலாவது கொஞ்சம் குட்டை, இரண்டாவது புதுசு.

இதைத்தான் சொல்ல வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று கூடுதலாக ஏற்றுவதால் நாலாவது ஞாயிறில் நாலும் நாலு உயரத்தில், படிக்கட்டு மாதிரி நிற்கும். குட்டையான மெழுகுவத்தியைப் பார்த்தால் அந்த வருஷம் எனக்கு அந்த நமுத்த தீப்பெட்டி தெரிந்தது. ஒரே நாளில் ஏற்றினால் நாலும் ஒரே உயரம்.

தாழங்குடா:

அக்கா, அந்த ஹாலில் மூன்று இரவு படுத்தவர்களில் எங்கள் வீடும் ஒன்று. நாங்கள் உங்கள் சபை இல்லை. இரண்டாவது ஞாயிறு பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் பையன் இரண்டு மெழுகுவத்தியைப் பார்த்து மற்ற இரண்டை ஏன் ஏற்றவில்லை என்று கேட்டான். பக்கத்தில் இருந்த பெரியவர், ‘அதற்கு இன்னும் நாள் இருக்கிறது’ என்றார்.

நெய்வேலிஷிஃப்ட்:

படிக்கட்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சேர்த்து ஏற்றச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் என் சிக்கல் அப்படியே இருக்கிறது.

ஒன்று கேட்கலாமா? காலையில் ஏற்றியதை அன்று சாயங்காலம் அரைமணி நேரம் மறுபடி ஏற்றி வைக்க முடியுமா? பாட்டு, பிரசங்கம் வேண்டாம். கோயில் திறந்திருந்தால் போதும். முதல் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களும், இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவோம்.

மிஷன்வீதி:

அருமையான யோசனை தம்பி. 2023இல் நாலாம் ஞாயிறே டிசம்பர் 24. காலையில் நாலாவது திரி ஏற்றி, இரவே கிறிஸ்மஸ் பூசை. எங்களில் பலருக்கு அந்த வருஷம் நாலாவது திரியைப் பார்த்த நினைவே இல்லை. சாயங்காலம் திறந்து வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கெடிலக்கரை:

நேற்று கமிட்டி கூடியது. இந்த இழையைப் போனில் வைத்து மூன்று பதிவுகளை வாசித்துக் காட்டினேன், தம்பியின் முதல் பதிவையும் சேர்த்துத்தான்.

கேரல் நிகழ்ச்சி இரண்டாம் ஞாயிறு சாயங்காலமே நடக்கும், பெரிதாகவே. அன்று வளையத்தில் இரண்டு மட்டும் எரியும். மற்ற ஞாயிறுகளில் வழக்கம் போல. ஐயர் வராத இரண்டு ஞாயிறையும் இரண்டு குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன. வாசிப்பை முன்கூட்டியே எழுதித் தருகிறேன் என்று ஐயர் போனில் சொன்னார். நாலு ஞாயிறும் சாயங்காலம் ஆறரை முதல் ஏழு வரை கோயில் திறந்திருக்கும். சேர்த்து ஏற்றலாம் என்று முதலில் சொன்னவரே சாவியை வாங்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம் இருந்தது, நேற்று அது போய்விட்டது.

தம்பி, நாலாம் ஞாயிறு உங்கள் மகளை அழைத்து வாருங்கள். பிள்ளைகள் முறையில் அன்று அவள் பெயரைப் போட்டிருக்கிறேன். காலையில் முடியாவிட்டால் சாயங்காலம் ஏற்றட்டும்.

இனி இரண்டு வேலை பாக்கி. சாயங்காலமும் எரிவதால் கொஞ்சம் உயரமான மெழுகுவத்தி வாங்க வேண்டும். வழக்கமாகச் சவுக்குக் கொடுக்கும் தோப்பை இந்த வருஷம் மொத்தமாக வெட்டிவிட்டார்கள், வேறு இடம் பார்க்க வேண்டும்.

நெய்வேலிஷிஃப்ட்:

மகளிடம் சொல்லிவிட்டேன் அக்கா. இப்போதே ஊதுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மெதுவாக நடந்து பழகுகிறாள்.

தாழங்குடா:

சவுக்குக்கு எங்கும் அலைய வேண்டாம் அக்கா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு மரம் நிற்கிறது. சனிக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள், இரண்டு கட்டு வெட்டி வைக்கிறேன். ரிம்மையும் எடுத்து வந்தால் இங்கேயே உட்கார்ந்து கட்டிவிடலாம். கட்டுக்கம்பி என்னிடம் இருக்கிறது.